நாலாவது சில்லு

சிலாவத்தையிலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை பிரேமினியக்கா யாரையாவது ஏசிக்கொண்டுதான் கார் ஓட்டுவார். நடுவீதியில் படுத்திருக்கும் மாடுகளை ஏசுவார். கையைக் காட்டாமல் திரும்பும் மோட்டார் சைக்கிள்காரரை ஏசுவார். வீதியிலேயே தராசைத் தூக்கி வைத்துக்கொண்டு மீன் விற்பவர்களை ஏசுவார். பின் இருக்கையில் நெருக்கிக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன பாட்டு. ஆனால் போன வருடம் சோளகக் காற்றுத் தொடங்கிய காலத்தில் மாடுகளும் மீன்காரரும் தப்பிவிட்டார்கள். அவர் ஏசியதெல்லாம் நான்கு கார்ச் சில்லுகளையும், அவற்றை விற்ற வவுனியாக்காரரையும் மட்டுந்தான்.

நான் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ரீச்சர். பெயர் வினோஜா. சிலாவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். என் சொந்த இடம் வவுனியா என்பதால் அந்த ஏச்சில் எனக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்தது.

"உங்கட ஊர் ஆக்கள் எல்லாரும் இப்பிடியோ ரீச்சர்?" என்று கேட்பார். நான் வெளியே கடலைப் பார்ப்பேன்.

பிரேமினியக்கா இந்தக் கரையில் பிறந்தவர். தகப்பன் கடற்தொழில், அண்ணன்மார் கடற்தொழில், கட்டிய மனுசன் றஜித்தும் கடற்தொழில். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது படகும் இல்லை, வலையும் இல்லை. றஜித் அண்ணா பிறத்தியாருடைய படகில் கூலிக்குப் போனார். பிரேமினியக்கா கண்ணிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்தார். பளைக்கு அப்பால் முகமாலையில், நெஞ்சில் கனத்த கவசமும் முகத்தில் கண்ணாடி மூடியுமாக, வெயிலில் முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டும் வேலை. ஒரு நாள் முழுக்கச் சுரண்டினால் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முடியும் என்று சொல்வார். அங்கேதான் வாகனம் ஓட்டவும் பழகினார். காயப்பட்டவர்களை ஏற்றும் வண்டிக்கு ஓட்டுநர் இல்லாமல் போனபோது, "நான் ஓடுறன்" என்று கையை உயர்த்தியது இவர் ஒருவர்தானாம்.

அந்த வேலை குறைந்து ஆட்களை நிறுத்தியபோது, சேர்த்து வைத்ததில் ஒரு பழைய வெள்ளை மாருதிக் காரை வாங்கினார். பொம்பிளை ஓடுகிற காரில் ஆர் ஏறப்போகினம் என்று முதலில் ஊரில் கதைத்தார்கள். இப்போது பிள்ளைப்பேற்றுக்கு நோவு கண்டால் முதலில் இவருடைய போனுக்குத்தான் அடிக்கிறார்கள். காலையில் பிள்ளைகளும் நானும். பகலில் கிளினிக்குக்குப் போகிற கர்ப்பிணிகள், கண் வைத்தியரிடம் போகிற வயதானவர்கள். அந்தக் கார் ஒரு நாள் நின்றால் ஊரில் பாதி வேலை நின்றுவிடும்.

காரைக் கெடுத்தது கடற்காற்று. ரயர் பூட்டுகிற இரும்பு றிம்மின் விளிம்பைக் கறள் அரித்துவிட்டது. ரயர் நல்ல ரயர்தான், ஆனால் விளிம்பில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. காலையில் நான் போகும்போது பிரேமினியக்கா காற்றடிக்கும் பம்பில் காலை வைத்து மிதித்துக்கொண்டிருப்பார். மிதிக்கிற தாளத்துக்கு ஏச்சும் நடக்கும்.

முல்லைத்தீவுப் பட்டினத்தில் ரயர் கடை வைத்திருக்கும் அனோஜன் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, இதுக்கு நான் என்ன செய்தாலும் ஒரு மாசம்தான். வேற றிம் பாருங்கோ. புதுசு வாங்கேலாது, அவ்வளவு விலை. போனில பாருங்கோ, பழசு வரும்."

போனில் பார்த்தார். வாகனச் சாமான் வாங்கி விற்கிற முகநூல் குழு ஒன்று இருந்தது. அதில் வவுனியாவைச் சேர்ந்த சுதாகரன் என்பவர் மாருதிக்குப் பொருந்தும் அலோய் றிம் நான்கு போட்டிருந்தார். வெள்ளி நிறம், நட்சத்திர வடிவம். நான்கு படங்கள். கீழே ஒரு வரி: 'ஒறிஜினல் செற். வளைவு வெடிப்பு இல்லை. கண்டிசன் சுப்பர். சும்மா கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.'

பிரேமினியக்கா சும்மா கேட்கிற ஆள் இல்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் எழுதினார். 'ஒட்டு வேலை ஏதும் செய்ததா? காத்து நிக்குமா? எவ்வளவு காலம் ஓடினது?' மூன்று கேள்வி. பதிலாக ஒரு பெருவிரல் படம் வந்தது.

"இது எந்தக் கேள்விக்கு ரீச்சர்?"

"எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அக்கா."

'பெருவிரல் எண்டால் ஒட்டினதோ ஒட்டேல்லையோ?' என்று திரும்ப எழுதினார். இன்னொரு பெருவிரல் வந்தது. அன்றைக்கே விட்டிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை சொன்னார். ஆனால் அன்று காலையும் ஒரு ரயர் இறங்கியிருந்தது. காசை வங்கியில் போட்டு, பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார்.

சில்லுகள் யூரியாப் பைகளில் கட்டி வவுனியா பஸ்ஸில் வந்தன. நடத்துநர் அவற்றைப் பஸ் நிலையத்தில் உருட்டிவிட்டுப் போனார். அனோஜனின் கடையில் பிரித்தபோது எல்லோருக்கும் சந்தோசம். பளபள என்று இருந்தன. கடையில் நின்றவர்கள் தடவிப் பார்த்தார்கள். "புதுசு மாதிரி இருக்கே," என்றார் ஒருவர். பிரேமினியக்காவின் முகம் அப்போதே மாறிவிட்டது.

"பழசு ஏன் புதுசு மாதிரி இருக்கு?" என்றார்.

ரயரைப் பூட்டி, சில்லைச் சுழற்றிப் பார்க்கிற மெசினில் அனோஜன் ஒவ்வொன்றாக மாட்டினார். மூன்று நன்றாகச் சுழன்றன. நாலாவது, தண்ணீரில் முக்கினபோது உள்பக்கத்தால் மெல்லிய குமிழி விட்டது. பிரேமினியக்கா ரயரைக் கழற்றச் சொன்னார். ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு தரையில் முழங்காலில் இருந்து, றிம்மின் உள்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார். அவசரமே இல்லை. ஒரு விரலளவு துடைப்பார், பார்ப்பார், பிறகு அடுத்த விரலளவு. வெள்ளிப் பூச்சு துணியில் கரைந்து வந்தது. அதற்குக் கீழே, விளிம்பிலிருந்து உள்ளே ஓடுகிற ஒரு தழும்பு. வெடித்ததை உருக்கி ஒட்டி, அராவி, மேலே வர்ணம் அடித்திருந்தார்கள். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே தலைமுடி போல் புதிதாக இன்னொரு வெடிப்பு.

அனோஜன் குனிந்து பார்த்தார். "ஒட்டிக்கிடக்குதுதானே அக்கா. பின்னுக்குப் போட்டு மெதுவா ஓடுங்கோ."

"பிள்ளையள் எங்க இருக்கிறவை?"

"பின்னுக்கு."

"பிறகென்ன கதை கதைக்கிறீர்?"

அனோஜன் மெசினை நிறுத்தினார்.

அன்று பின்னேரம் பிரேமினியக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். விளம்பரத்தில் இருந்த நான்கு படங்களும் அதில் இருந்தன. "நல்லா உத்துப் பாருங்கோ," என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். காற்றடிக்கிற துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கீறல். அடுத்த படத்திலும் அதே கீறல். அதற்கடுத்ததிலும். நான்கு சில்லுக்கும் நான்கு படம் இல்லை. ஒரே சில்லைத் திருப்பித் திருப்பி நான்கு தடவை எடுத்திருக்கிறார்கள்.

"முகமாலையில மண்ணுக்குள்ள கிடந்ததைக் கண்டுபிடிச்சனான் ரீச்சர். இது கையில, வெளிச்சத்தில, கண்ணுக்கு முன்னால கிடந்தது. நான் காணேல்ல."

பிறகு தொலைபேசிக் கதை தொடங்கியது. காலையில் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னரும், இறங்கிய பின்னரும், நான் பக்கத்து இருக்கையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். சுதாகரன் மரியாதையான ஆள். ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பிரேமினியக்காவுக்கு இன்னும் எரிச்சல்.

"அக்கா, பஸ்ஸில போட்டு உருட்டேக்க வெடிச்சிருக்கும்."

"பஸ்ஸில உருட்டேக்க ஒட்டும் போடுவினமோ தம்பி? பெயின்ரும் அடிப்பினமோ?"

"அக்கா, பாவிச்ச சாமான்தானே. பாவிச்ச சாமான் எண்டால் பாவிச்ச மாதிரித்தான் இருக்கும்."

"வெடிப்பு இல்லையெண்டு நீர்தானே போட்டனீர்."

"நான் போடேக்க இல்லை அக்கா."

ஒரு நாள் சுதாகரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மிகவும் தன்மையாக, "அக்கா, இது கொஞ்சம் ரெக்னிக்கல் விசயம். உங்கட அவரை ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோவன்," என்றார். பிரேமினியக்கா வீதி ஓரத்தில் காரை நிறுத்திவிட்டார்.

"என்ர அவருக்குக் காரில கதவு திறக்கத்தான் தெரியும்," என்று சொல்லிக் கட் பண்ணினார்.

ஆனாலும் அன்று பின்னேரம் வேறு வழியில்லாமல் றஜித் அண்ணாவின் கையில் போனைக் கொடுத்தார். கண்டிப்பாகக் கதைக்க வேண்டும், காசைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். றஜித் அண்ணா முற்றத்தில் நடந்து நடந்து கதைத்தார். நல்ல நேரம் கதைத்தார். சிரிக்கிற சத்தமும் கேட்டது. பிறகு வந்து கதிரையில் இருந்தார்.

"என்னவாம்?"

"நல்ல பெடியனடி. அவன்ர மாமாவும் நாயாற்றுக் கரையில மீன்வாடி போட்டிருந்தவராம். எனக்கு அவரைத் தெரியும்."

"றிம்மைப் பற்றி என்னவாம்?"

றஜித் அண்ணா கொஞ்சம் யோசித்தார். "அதைக் கதைக்க நேரம் வரேல்ல. மனிசி பிள்ளைத்தாச்சியாம். நண்டு எண்டால் அவாவுக்கு உயிராம். வவுனியாவில நல்ல நண்டு எடுக்கேலாதாம். நான் அனுப்பிவிடுறன் எண்டு சொன்னனான்."

அந்தக் கதையை அடுத்த நாள் காரில் சொல்லும்போது பிரேமினியக்கா ஸ்ரியரிங்கைக் கையால் அடித்தார். ஹோர்ன் அலறியது. வீதியில் படுத்திருந்த மாடு ஒன்று எழும்பி ஓடியது.

அடுத்ததாக முகநூல் குழுவில் முறையிட்டார். ஒட்டின இடத்தைத் தெளிவாகப் படம் எடுத்து, 'இப்பிடி ஏமாற்றுகிறார்கள், கவனம்' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. 'விலை என்ன?' 'ரயரோடயா?' 'கடைசி விலை சொல்லுங்க.' 'கிளிநொச்சிக்கு அனுப்புவீங்களா?' 'விலையைப் போடாமல் எதற்கு விளம்பரம்?' இது விற்பனைக்கு இல்லை என்று பிரேமினியக்கா ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். விற்காவிட்டால் ஏன் போட்டாய் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். பிறகு குழுவை நடத்துகிறவர், வீண் பிரச்சினை வேண்டாம் என்று பதிவையே எடுத்துவிட்டார். சுதாகரனின் விளம்பரங்கள் அப்படியே இருந்தன. ஒரு குழந்தைக் கட்டில், ஒரு தண்ணி மோட்டார். எல்லாம் கண்டிசன் சுப்பர்.

"வெள்ளிக்கிழமை நீங்கள் வீட்டை போறனீங்கள்தானே ரீச்சர்? பஸ்ஸில போகாதேங்கோ. நானும் வாறன்," என்றார் பிரேமினியக்கா.

நான்கு அலோய் சில்லுகளையும் பின்னால் ஏற்றி, பழைய கறள் றிம்களிலேயே புறப்பட்டோம். ஒட்டுசுட்டானில் ஒருமுறை காற்றடித்தோம். நெடுங்கேணி தாண்டியபோது எனக்கு ஏதோ மணத்தது.

"அக்கா, மீன் மணக்குது."

"மீன் ஏத்தின காரே இல்லை இது," என்றவர், திடீரென்று காரை ஓரங்கட்டினார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். சில்லுகளுக்குப் பின்னால் சாக்கு மூடி ஒரு ஐஸ் பெட்டி. அதற்குள் கால் கட்டிய நண்டுகள். றஜித் அண்ணா விடியவே கடலால் வந்து சத்தமில்லாமல் வைத்திருக்கிறார்.

பிரேமினியக்கா வீதியோரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சண்டை பிடிக்கப் போறன் ரீச்சர். நண்டு கொண்டு போறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் என்னையும் இறக்கிவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். பெட்டியைக் காட்டுக்குள் எறியலாமா என்று யோசித்தவர், நண்டு என்ன பாவம் செய்தது என்று மறுபடி மூடி வைத்தார்.

சுதாகரனின் வீடு வவுனியாவில் குருமன்காட்டில், புதிதாகக் கட்டிப் பூசாமல் விட்ட வீடு. அவர் மருந்துக் கம்பனி ஒன்றுக்கு ஓடித்திரிந்து விற்கிறவர். முப்பது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார், சோடா கொண்டுவந்தார். "றஜித் அண்ணை வரேல்லையோ?" என்று வாசலை எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி யதுர்ஷிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து இருந்தார்.

பிரேமினியக்கா சோடாவைத் தொடவில்லை. நாலாவது சில்லை உருட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் நிறுத்தி, உள்பக்கத்தைத் திருப்பினார்.

"இது தெரியுமோ தெரியாதோ? ஒரு சொல்லுச் சொல்லும். பெருவிரல் காட்டக் கூடாது."

சுதாகரன் சில்லைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "தெரியும்," என்றார்.

யதுர்ஷிகாதான் மிச்சத்தைச் சொன்னார். "அக்கா, இவரும் உதை இப்பிடித்தான் வாங்கினவர். கொழும்புப் பக்கம் ஒராள் அனுப்பினது. வந்து பூட்டி ஒரு கிழமையில காத்துப் போச்சுது. அந்தாளோட மாசக்கணக்கா போனில சண்டை. சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. கடைசியில அந்தாள் நம்பரை மாத்திப்போட்டான்."

"அப்ப ஒட்டுப் போட்டது?"

"அவன்தான் அக்கா," என்றார் சுதாகரன். "நான் பெயின்ர் மட்டுந்தான் அடிச்சனான்."

பிரேமினியக்கா என்னைப் பார்த்தார். என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீர் பட்ட பாடெல்லாம் பட்டுப்போட்டு, பிறகு எனக்கு அனுப்பினனீர்."

"என்ர காசை நான் எப்பிடி எடுக்கிறது அக்கா? நீங்களே சொல்லுங்கோ." உண்மையாகவே கேட்கிற மாதிரித்தான் இருந்தது. பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. நீங்கள் இவ்வளவு தூரம் வந்திட்டீங்கள். நாலையும் இஞ்ச விட்டிட்டுப் போங்கோ. முழுக்காசையும் இப்பவே உங்கட கணக்குக்கு அனுப்புறன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. பிரேமினியக்காவும் நினைக்கவில்லை. கதிரையில் சாய்ந்து, அப்போதுதான் சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தார். சுதாகரன் போனை எடுத்தார். வங்கிக்குத்தான் என்று நினைத்தோம். ஆனால் அவர் குனிந்து நாலாவது சில்லின் முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்பி, தழும்பு தெரியாத பக்கமாக ஒரு படம் எடுத்தார். கெட்ட எண்ணத்தோடு எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கை பழக்கத்தில் செய்தது.

பிரேமினியக்கா கிளாசை வைத்தார்.

"உதை என்ன செய்யப் போறீர்?"

"வேற ஆருக்காவது போகும் அக்கா. அவசரமில்லை."

"மூண்டை எடும். இதை நான் தரமாட்டன்."

"மூண்டு சில்லு ஆர் வாங்குவினம் அக்கா? கார் நாலு சில்லிலதான் ஓடுறது. செற்றா இருந்தாத்தான் காசு."

"அப்ப நீர் நாலாவதை நல்லதா வாங்கிச் சேரும்."

"அது எங்க கிடைக்கிறது? கிடைச்சிருந்தா நானே பூட்டியிருப்பனே." இப்போது முதல் தடவையாக அவருடைய குரல் உயர்ந்தது. "அக்கா, உங்களுக்குக் காசு வேணுமோ, உடைஞ்ச சில்லு வேணுமோ? காசு தாறன் எண்டு சொல்லுறன். என்னைப் போட்டு ஏன் இப்பிடி வாட்டுறியள்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நானும் மெதுவாக, "காசை வாங்கிக்கொண்டு போவம் அக்கா. பிறகு அவர் பாடு," என்றேன். பிரேமினியக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"அடுத்ததா வாங்குறவன் காரில ஆரை ஏத்துவான் ரீச்சர்? உங்களுக்குத் தெரியுமோ?"

பிரேமினியக்கா எழுந்து சில்லை உருட்டத் தொடங்கினார். வாசற்படியில் அது கவிழ்ந்து காலில் விழப்பார்த்தது. அதையும் ஏசினார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இரண்டு பேருமாகக் காரில் தூக்கிப் போட்டோம். நான்கு சில்லும் பழையபடி காருக்குள். காசு வவுனியாவில்.

காரைத் திருப்பும்போது யதுர்ஷிகா மெல்ல நடந்து வந்தார். ஒரு சில்லின் விலை வரும் என்று சொல்லி, மடித்த நோட்டுகளை யன்னலால் நீட்டினார். "அவருக்குத் தெரியும் அக்கா. வெக்கத்தில வரேல்ல." பிரேமினியக்கா வாங்கிக்கொண்டார். பிறகு இறங்கிப் போய் நண்டுப் பெட்டியை எடுத்து அவருடைய காலடியில் வைத்தார்.

"இது உமக்கு. அவருக்குக் குடுக்க வேண்டாம்."

நான் அன்று வீட்டில் நின்றுவிட்டேன். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது மிச்சக் கதை காத்திருந்தது. றஜித் அண்ணாவுக்கு நடந்தது விளங்கவேயில்லை.

"அவன் முழுக்காசும் தாறன் எண்டவன். நீ வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு, உடைஞ்ச சில்லைக் காசு குடுத்து வாங்கின மாதிரிக் கொண்டு வந்திருக்கிறாய்," என்று என்னிடமும் சொன்னார். "நீங்கள் படிச்ச ஆள் ரீச்சர். உங்களுக்கு இது விளங்குதோ?"

"எனக்கு அலுத்துப்போச்சு. அவ்வளவுதான்," என்றார் பிரேமினியக்கா குசினிக்குள்ளிருந்து.

மூன்று நல்ல சில்லுகளையும் காரில் பூட்டினார். நாலாவதுக்கு, பழைய இரும்பு றிம்களில் தப்பிக்கிடந்த ஒன்றை அனோஜன் கறள் சுரண்டிக் கறுப்பு வர்ணம் அடித்துக் கொடுத்தார். வெடித்த சில்லு முற்றத்தில் மதிலோடு சாய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். ஒருவர் கிணற்றுக் கப்பிக்குக் கேட்டார். ஒருவர் தன் மகனின் காருக்கு ஸ்பெயார் சில்லாக வைத்திருக்கக் கேட்டார். "ஸ்பெயார்தானே பிள்ளை, ஓடுறேல்லையே," என்றாராம். இரண்டு கிழமை போக சுதாகரனே அழைத்தார். அனுராதபுரத்தில் ஒருவர் செற்றாகக் கேட்கிறாராம், நாலையும் அனுப்பினால் நல்ல விலை வரும், பாதிப் பாதி எடுக்கலாம். றஜித் அண்ணாவோடு கதைக்கட்டுமா என்றும் கேட்டார். பிரேமினியக்கா அந்த இலக்கத்தைப் போனிலிருந்தே தூக்கிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பழைய இரும்பு எடுக்கிற ரூபன் சின்ன லொறியோடு ஒழுங்கைக்குள் வந்தபோது அவரைக் கூப்பிட்டார். நான் அன்று உடுப்புத் தோய்க்கத் தண்ணீர் எடுக்க அவர்களுடைய கிணற்றடிக்குப் போயிருந்தேன். ரூபன் சில்லைத் தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அக்கா, இது நல்ல சாமானெல்லே. நிறுத்து எடுத்தா உங்களுக்கு நட்டம். முழுசா எடுக்கிறன். கிளிநொச்சியில இதுக்கெண்டு ஒரு கடை இருக்கு, அவங்கள் துப்புரவாக்கி..."

பிரேமினியக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "இஞ்சாருங்கோ!" என்று ஒரு சத்தம் போட்டார். வலை பின்னிக்கொண்டிருந்த றஜித் அண்ணா ஓடிவந்தார்.

"மேசன் வீட்டில போய்ச் சம்மட்டி வாங்கிக்கொண்டு வாங்கோ."

முற்றத்தில் ஒரு கருங்கல்லில் சில்லைப் படுக்கப் போட்டார்கள். முதலில் றஜித் அண்ணா அடித்தார். சம்மட்டி துள்ளித் திரும்பி வந்தது. சில்லில் ஒரு பள்ளம்கூட விழவில்லை. ரூபன் அடித்தார். டாங் என்ற சத்தம் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். அக்கம் பக்கத்தில் இருந்தவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பிறகு உள்ளேயே வந்துவிட்டார்கள். நெருப்பில் காய்ச்சி அடிக்கச் சொன்னார் ஒருவர். இவ்வளவு பலமான சில்லை ஏன் உடைக்கிறீர்கள் என்று இன்னொருவர் கேட்டார்.

"பாத்தியோ பிரேமி," என்று றஜித் அண்ணா மூச்சு வாங்கினார். "ஒட்டு நல்ல ஒட்டுத்தான். நீ சும்மா பயந்திட்டாய்."

பிரேமினியக்கா சம்மட்டியைப் பறித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, சில்லைப் புரட்டி, தழும்பு மேலே வரும்படி வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொருவராக ஏசினார். பெருவிரலுக்கு ஒன்று. பஸ்ஸில உருட்டினவனுக்கு ஒன்று. ரெக்னிக்கல் விசயத்துக்கு ஒன்று. நண்டுக்கு ஒன்று. எத்தனையாவது அடியோ தெரியாது, சத்தம் மாறியது. டாங் என்று கேட்டது டொக் என்று கேட்டது. அடுத்த அடியில் ஒட்டு விட்டுக்கொண்டு, விளிம்பு உள்பக்கமாக விரிந்தது. அதற்கடுத்த அடிக்குச் சில்லு பேக்கரிப் பாண் மாதிரி இரண்டாகப் பிளந்தது.

உடைந்த வாயை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெளியே வெள்ளியாக இருந்தது உள்ளே கறுத்துப் பொருக்காக இருந்தது. ஒட்டுக் கொஞ்சம்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. றஜித் அண்ணா ஒரு துண்டைக் கையில் எடுத்து விரலால் தடவினார். போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பிரேமினியக்காவிடம் கொடுத்தார்.

ரூபன் துண்டுகளை நிறுத்து எடுத்துக்கொண்டு போனார். முழுசாகக் கொடுத்திருக்கலாம் என்று லொறியில் ஏறும்போதும் சொல்லிக்கொண்டுதான் போனார்.

இப்போது அந்தக் கார் மூன்று வெள்ளிச் சில்லிலும் ஒரு கறுப்புச் சில்லிலும் ஓடுகிறது. காற்று இறங்குவதில்லை. பிள்ளைகள் அதைப் பற்றிப் பாட்டுக்கூடக் கட்டியிருக்கிறார்கள். கறுப்புச் சில்லுப் பக்கம் யார் இருப்பது என்று காலையில் சண்டையும் நடக்கும். பிரேமினியக்கா மறுபடி மாடுகளை ஏசத் தொடங்கிவிட்டார்.

போன மாதம் பட்டினத்துக்குக் கிட்ட ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரர் மறித்தார். தெற்கிலிருந்து புதிதாக மாறி வந்தவர், தமிழ் பழகுகிற ஆள். காரைச் சுற்றி வந்து பார்த்தார். எல்லாப் பத்திரமும் சரி. ஆனாலும் போகவிடாமல் நின்றார்.

"அக்கா, மூண்டு நல்லம். இது ஒண்டு ஏன் வேற?"

"செற்றில ஒண்டு பழுது."

"பழுது எண்டா, குடுத்த ஆளுக்குத் திருப்பிக் குடுக்கத்தானே?"

பிரேமினியக்கா ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே வீதியைப் பார்த்தார்.

"ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ," என்றார். "எனக்கு இனி ஏலாது."

நான் இறங்கி, தொடக்கத்திலிருந்து சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போனோம்.